வாயடைத்த மீன்

எங்கள் கடற்கரை ஊரான மொரேகியில் மீன் கிழிக்கும் பெண்களுக்குக் கூலியாகக் காசு கிடையாது. மீனின் வயிற்றுக்குள் இருப்பதுதான் கூலி. அதிலும் சினை முதலாளிக்குப் போய்விடும். அதைப் பெட்டியில் அடுக்கி ஐஸ் போட்டு ஜப்பானுக்கு ஏற்றுவார்கள். சதை, மலைமேல் தொங்கவிட்டுக் காயவைப்பவர்களுக்கு. மிச்சமிருக்கும் குடல், செவுள், ஈரல், இரைப்பை, ஆண் மீனின் வயிற்றிலிருக்கும் வெள்ளைப் பால் எல்லாம் கிழித்தவளுக்கு. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். சுளித்துவிட்டுப் போகட்டும். குடலை வழித்து, உப்பும் மிளகாயும் போட்டு ஊறவைத்து விற்றுத்தான் நான் மூன்று பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன்.

பனிக்காலம் பிறந்தால் விடியுமுன்பே கொட்டகைக்குப் போய்விடுவோம். ஆளுக்கொரு பலகை, ஒரு கத்தி, ஒரு வாளி வெந்நீர். விரல் மரத்துப்போனால் வெந்நீரில் முக்கிக்கொள்ள வேண்டும். கடலிலிருந்து வரும் காற்றுக்குக் கொட்டகையின் தகரம் நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருக்கும். என் பக்கத்துப் பலகை மல்சூனுடையது. அவளுக்கு அடுத்த பலகையில் அந்த வருஷம் உட்கார்ந்திருந்தது அவள் புருஷன் தல்சூ.

ஆண்பிள்ளை பெண்களோடு உட்கார்ந்து குடல் உருவுவதை ஊர் அதுவரை பார்த்ததில்லை. படகுக்காரர்கள் அவனை "அண்ணி" என்று கூப்பிட்டுவிட்டுப் போவார்கள். அவன் தலை நிமிர மாட்டான். அவனுக்குக் கடலுக்குப் போக அனுமதி இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் மூடுபனியில் அவர்கள் படகு வடக்குக்கும் தெற்குக்கும் நடுவிலிருக்கும் எல்லைக்கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. வடக்குக்காரர்கள் ஏழு பேரையும் பிடித்துப் பத்து மாதம் வைத்திருந்தார்கள். விட்ட பிறகு நம் பக்கத்துப் போலீஸ்காரர்கள் மூன்று மாதம் வைத்து விசாரித்தார்கள். வீடு வந்து சேர்ந்தபோது இடது கையில் இரண்டு விரலுக்கு நகம் இல்லை. எந்தப் பக்கத்தில் போனது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

கடலுக்குப் போகக்கூடாது, ஊரை விட்டு நகரக்கூடாது, அங்கே பார்த்ததைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று கைநாட்டு வாங்கிக்கொண்டுதான் அனுப்பியிருந்தார்கள். பதினைந்து நாளுக்கொரு தரம் டவுன் போலீஸிலிருந்து குவாக் என்று ஒருவர் வருவார். கறுப்புக் கோட்டு, கையில் ஒரு ஃபைல். தல்சூ என்ன சாப்பிட்டான், யாரோடு குடித்தான், வானொலியில் எந்த நிலையம் வைத்தான் என்று கேட்டு எழுதிக்கொண்டு போவார். இன்னொரு தரம் உள்ளே போனால் தல்சூ முழுசாகத் திரும்ப மாட்டான் என்று மல்சூன் என்னிடம் சொல்லியிருக்கிறாள். அவள் சும்மா சொல்கிறவள் இல்லை.

அந்த வீட்டில் அந்தப் பனிக்காலம் முழுக்கக் குடல்தான் சோறு. செவுளை எலும்போடு நறுக்கி முள்ளங்கியோடு ஊறவைப்பாள். ஈரலும் பாலும் போட்டுச் சோயா விழுது கரைத்துக் குழம்பு வைப்பாள். மீன் கண்ணைப் பிள்ளைக்கு என்று தனியே எடுத்து வைப்பாள். தல்சூ முன்பெல்லாம் கண்ணுக்காகப் பெற்ற பிள்ளையோடு சண்டை போடுகிறவன். திரும்பி வந்தபின் எதை வைத்தாலும் ஒன்றுதான் அவனுக்கு. தின்றுவிட்டு எழுந்துபோவான். காரமா உப்பா என்று ஒரு சொல் கிடையாது. திட்டினால்கூடத் தேவலை என்பாள் மல்சூன்.

கொட்டகையில் எங்களுக்கு எதிர்வரிசையில் சின்போக்காரம்மா உட்காருவாள். சின்போ வடக்கே இருக்கும் துறைமுகம். இரண்டு பக்கத்துக்கும் நடந்த சண்டையின்போது புருஷனோடு கப்பலேறி இந்தப் பக்கம் வந்தவள். புருஷன் வந்த ஐந்தாம் வருஷம் போய்விட்டான். பிள்ளை இல்லை. ஐம்பதை நெருங்கியிருப்பாள். செய்தித்தாளைக் கிழித்துப் புகையிலை சுருட்டிப் புகைப்பாள். வாயைத் திறந்தால் படகுக்காரர்களே ஒதுங்கிப் போவார்கள். ஆனால் அந்தப் பக்கத்து ஆட்களைப் பற்றி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் வாயிலிருந்து ஒரு பேர் வந்ததில்லை. அந்தப் பக்கம் சொந்தம் இருந்தாலே சந்தேகப்படும் எங்கள் கடற்கரையில் அது புத்திசாலித்தனம் என்பதால் யாரும் தோண்டவும் இல்லை.

அந்தக் குளிரில் அவள் காய்ச்சலில் விழுந்து ஒரு வாரம் வேலைக்கு வரவில்லை. அந்த ஒரு வாரமும் மல்சூனும் தல்சூவும் அவள் பங்கு மீனையும் சேர்த்துக் கிழித்து, குடலை அவள் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தார்கள். அதற்குக் கைம்மாறாகத்தான் பெரும்பனி பெய்து படகுகள் இறங்காத ஒரு நாளில் ஒரு கூடை நிறைய அடைத்த மீன் கொண்டுவந்தாள்.

அடைத்த மீன் எங்கள் பக்கம் எல்லாரும் செய்வதுதான். வயிற்றைக் கிழிக்காமல், உள்ளே இருப்பதையெல்லாம் வாய்வழியாகவே உருவ வேண்டும். கசப்புப் பையை மட்டும் எறிந்துவிட்டு, ஈரல், பால், குடல் எல்லாவற்றையும் கொத்தி, சோறும் முட்டைக்கோசும் சோயா விழுதும் சேர்த்துப் பிசைந்து, திரும்ப வாய்வழியாகவே திணிக்க வேண்டும். பிறகு வெளியே தொங்கவிட்டு உறையவைத்து, வேண்டும்போது ஆவியில் வேகவைத்துக்கொள்ளலாம். நாங்கள் வாயை நூலால் கட்டுவோம். சின்போக்காரம்மாவின் மீனில் நூல் இல்லை. மீனின் இரைப்பையையே உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, உள்வெளியாகத் திருப்பி, மூடியாக வாயில் அடைத்திருந்தாள். அப்படி ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவள் தனியாகச் செய்து தனியாகத் தின்கிறவள்.

கொட்டகை அடுப்பைச் சுற்றிப் பத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தோம். ஊறவைத்த குடல் வாங்க வந்திருந்த ஊர்த்தலைவர் வீட்டம்மாவும் இருந்தாள். தல்சூ மீனைக் கையில் வாங்கினான். வாயிலிருந்து மூடியைப் பிடுங்கி வெளியே எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தலையை நிமிர்த்தி எங்களை ஒரு சுற்றுப் பார்த்தான்.

"இங்க யாரு இளையவங்க? மூடி அவங்களுக்குத்தான?"

புகையிலை சுருட்டிக்கொண்டிருந்த சின்போக்காரம்மாவின் கை அப்படியே நின்றது.

"அத உனக்கு யாரு சொன்னது?"

மல்சூன் அவன் தொடையில் ஓர் இடி இடித்தாள். எனக்கே அது தெரிந்தது. சின்போக்காரம்மா கவனிக்கும் நிலையில் இல்லை.

"நான் இந்த ஊர்ல ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல தம்பி. யாரு சொன்னா?"

"அங்க எங்களுக்குச் சமைச்சுப் போட்ட அம்மா."

"என்ன வயசிருக்கும்?"

"உங்களவிட மூத்தவங்க. இடது காது கேக்காது. எங்க ஏழு பேர்ல நான்தான் இளையவன். ஏழு மூடியும் எனக்குத்தான் வரும். எங்க வீட்டு இளையது இதுக்குத்தான் அழும், நீ அழாம தின்னுன்னு சொல்லுவாங்க."

சொல்லிக்கொண்டே மூடியை வாயில் போட்டு மென்றான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் முகத்தில் ருசி தெரிந்தது. "இதே ருசி. ஊருக்கு வந்து இந்த மாதிரி ஒண்ணு நான் தின்னல," என்றான்.

சின்போக்காரம்மா எழுந்தாள். மேலே ஒரு துணிகூடப் போர்த்திக்கொள்ளாமல் பனியில் இறங்கிப் போனாள். அவள் முகம் நனைந்திருந்ததை எல்லாரும் பார்த்தோம். யாருக்கும் மெல்ல ஓடவில்லை. தலைவர் வீட்டம்மா தன் வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

தலைவர் வீட்டம்மா வேண்டுமென்று காட்டிக்கொடுத்தாள் என்று நான் சொல்ல மாட்டேன். புருஷனுக்குச் சோறு போடும்போது வாய்தவறிச் சொல்லியிருப்பாள். தலைவருக்குப் பயம். வேறு யாராவது போய்ச் சொல்லிவிட்டால், தெரிந்தும் மறைத்தார் என்று தன் கழுத்துக்கு வரும் என்று தானே முந்திக்கொண்டார். மூன்றாம் நாள் காலையில் குவாக் வந்துவிட்டார். அது அவர் வரவேண்டிய நாளில்லை.

தல்சூவை மீனவர் சங்கத்துப் பின்னறையில் உட்கார வைத்துவிட்டு எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். அவன் வடக்கத்திச் சாப்பாட்டைப் புகழ்ந்தானா, தெற்கில் அப்படிக் கிடைக்காது என்றானா என்பதுதான் கேள்வி. இரண்டு பேர் ஆமாம் என்று கைநாட்டு வைத்தால் போதும். அந்தக் காலத்தில் சாராயக் கடையில் உளறியதற்கே ஆட்கள் உள்ளே போயிருக்கிறார்கள். என் முறை வந்தபோது, காற்றில் தகரம் அடித்துக்கொண்டிருந்தது, எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை என்றேன். அதற்குமேல் அவனுக்காக ஒரு வார்த்தை பேசத் தைரியம் வரவில்லை. வெளியே வந்து என்னை நானே திட்டிக்கொண்டேன்.

வாசலில் மல்சூன் நின்றிருந்தாள். நேரே சின்போக்காரம்மா வீட்டுக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

சின்போக்காரம்மா அடுப்படியில் குத்தவைத்து இரைப்பைகளை உப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"நீங்க கேட்டீங்க. அவரு பதில் சொன்னாரு," என்றாள் மல்சூன். "கேக்காம இருந்திருக்கலாமே அத்தை."

"இருபத்திரெண்டு வருசமா கேக்காமத்தான இருந்தேன்."

"அவரு நகத்தப் பாத்தீங்கல்ல. இனி எதப் புடுங்குவாங்க?"

சின்போக்காரம்மா கையைக் கழுவினாள். கொடியில் தொங்கிய துணியில் துடைத்துக்கொண்டாள். மல்சூனின் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"அங்க சமைச்சுப் போட்டவ என் அக்காவாக்கும். ஒரு மாசத்துல திரும்பி வந்துருவோம், நீ வீட்டப் பாத்துக்கோன்னு சொல்லி விட்டுட்டு வந்தேன். சின்னதுல காய்ச்சல் வந்து அந்தக் காது போச்சு. எனக்கு அந்த மூடின்னா உசுரு. உன் புருசன் எனக்கு என்ன கொண்டாந்து குடுத்திருக்கான்னு அவனுக்கே தெரியாது. அவன நான் விட்டுருவேனா? யோங்தே அம்மா, அந்தப் பானைய எறக்கு."

யோங்தே என் மூத்த பிள்ளை. அடுப்பில் ஆறு மீன் வெந்திருந்தது. பானையை நான் ஒரு பக்கமும் மல்சூன் ஒரு பக்கமுமாகத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனோம். குவாக் எங்களைத் தடுக்கவில்லை. மெலிந்த மனிதர். காது இரண்டும் குளிரில் வெடித்திருந்தன. மரியாதையாகத்தான் பேசுவார்; அதுதான் எனக்குப் பயமாக இருக்கும். தல்சூ சுவரோரம் ஒரு முக்காலியில் இருந்தான். மல்சூனைப் பார்த்ததும் நகமில்லாத கையை மடியில் மறைத்துக்கொண்டான்.

சின்போக்காரம்மா ஒரு தட்டில் மீனை எடுத்து ஃபைல் மேலேயே வைத்தாள்.

"மொதல்ல தின்னுங்க அய்யா. அப்புறம் எழுதலாம்."

அவர் தட்டை நகர்த்தி ஃபைலை எடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டார். இன்னொரு துண்டும் எடுத்தார்.

"எப்படியிருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"அதத்தான் அவனும் சொன்னான். இவன் இதத் தின்னது எங்கன்னு நெனைச்சீங்க? என் வீட்டு அடுப்படியில. கடலுக்குப் போயி மாட்டுறதுக்கு முன்ன ரெண்டு பனிக்காலம் என் கையால தின்னவன் இவன். மூடி இளையவனுக்குன்னு சொல்லிக் குடுத்ததே நானாக்கும். அது எனக்கே மறந்துபோயி, அன்னிக்கு யாரு சொன்னான்னு கேட்டுட்டேன். அடிபட்ட மண்டை. எங்க தின்னோம்னு மாத்திச் சொல்றான்."

தல்சூ வாயைத் திறந்தான். மல்சூன் அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

"அப்ப அங்க சமைச்சுப் போட்ட அம்மா?" என்றார் குவாக்.

"அப்படி யாரும் கெடையாது."

"நீங்க அழுதுக்கிட்டே எந்திரிச்சுப் போனதா சொல்றாங்க."

"எனக்கு ஒரு அக்கா இருந்தா. அவ நெனப்பு வந்துச்சு."

"இருந்தாளா, இருக்காளா?"

பின்னறைக் கணப்பு அடுப்பில் கரி சரிந்த சத்தம் கேட்டது. "செத்துட்டா," என்றாள் சின்போக்காரம்மா. "கப்பல் ஏறுறதுக்கு முன்னமே. என் கையாலதான் மண்ணு போட்டேன்."

குவாக் ஒரு பழைய தாளை எடுத்துப் பார்த்தார். அவள் இந்தப் பக்கம் வந்தபோது பதிவு செய்தது. வடக்கில் உறவு யாரும் இல்லை என்றுதான் அதில் இருந்தது. தலையாட்டிக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாக, "எந்தத் தேதி?" என்றார்.

பிறந்தநாளை மறந்தவர்கள் எங்களில் உண்டு. இறந்தநாளை மறந்தவர்கள் கிடையாது. வருஷா வருஷம் அந்தத் தேதியில் படையல் வைத்தாக வேண்டும். மண் போட்டவளுக்குத் தேதி தெரியாவிட்டால் மண்ணே போடவில்லை என்று அர்த்தம்.

"பதினோராம் மாசம் ஏழு," என்றாள். ஒரு மூச்சு நேரம்கூட யோசிக்கவில்லை. அவள் அக்காவைக் கடைசியாகப் பார்த்த நாள் அதுதான் என்று எனக்குப் பின்னால் தெரிந்தது.

"இருபத்திரெண்டு வருஷமா படையல் வைக்கிறீங்க?"

"வைக்காம?"

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க பக்கத்து வீடுதான?"

என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மல்சூன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வருஷா வருஷம் போவேன்யா," என்றேன். "போன வருஷம் பேரிக்கா நான்தான் வாங்கிக் குடுத்தேன்."

குவாக் எழுதிக்கொண்டார். ஃபைலை மூடினார். "இன்னும் ஆறு நாள்தான இருக்கு. நானும் வர்றேன். பாத்துட்டு அறிக்கை எழுதுறேன்," என்றார். தல்சூவை வீட்டுக்குப் போகச் சொன்னார். மிச்ச மீனை நின்றபடியே தின்றுவிட்டுத்தான் போனார்.

அந்த ஆறு நாளும் நாங்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. இருபத்திரண்டு வருஷம் படையல் வைத்த வீட்டில் அதற்கான தடயம் இருக்க வேண்டுமே. படையல் பலகை என் வீட்டிலிருந்து போனது. பித்தளைக் கிண்ணங்களை மல்சூன் தன் மாமியார் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஊதுபத்திச் சட்டி புதுசாக இருக்கிறதே என்று என் புருஷன் அதை அடுப்பில் போட்டுக் கரி ஏற்றி, பழைய சாம்பல் நிரப்பிக் கொண்டுவந்தார். சின்போக்காரம்மா எதற்கும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. கொட்டகையில் யாரையும் வையாமல் மீன் கிழித்தாள். அவள் வையாதது எங்களுக்குச் சகிக்கவில்லை.

படையலுக்கு முந்தின நாள் பொழுதோடு நானும் மல்சூனும் அவளோடு உட்கார்ந்து பலகாரத்துக்கு மாவு பிசைந்தோம். அப்போது கேட்டாள்.

"உசுரோட இருக்கறவளுக்குப் படையல் வச்சா என்ன ஆகும், யோங்தே அம்மா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். நிஜமாகவே தெரியாது. அப்படி ஒன்றை யாரும் செய்து நான் கேள்விப்பட்டதில்லை.

"வருசா வருசம் அந்தத் தேதி வரும். இந்த வருசம் வச்சுருவோம், பாவம், பசியோட அலைவாளேன்னு தோணும். வேண்டாம், வச்சா செத்துருவான்னு விட்டுருவேன். நான் வைக்காததுனாலதான் அவ இருந்தான்னு இப்பத் தோணுதாக்கும்."

மல்சூன் மாவிலிருந்து கையை எடுத்தாள். "வேணாம் அத்தை. நான் போயி அந்த ஆளுகிட்ட..."

"என்ன சொல்லுவ? மாவப் பிசை. அவ இருக்கான்னு எனக்கு வந்து சொன்னது உன் புருசன் வாயி. அந்த வாயி சோறு திங்கட்டும்."

மறுநாள் விளக்கு வைக்கும் நேரத்துக்கு எல்லாம் தயாராகிவிட்டது. முறைப்படி நடுராத்திரி வைக்க வேண்டியது. ஊரடங்கு இருந்ததால் எங்கள் பக்கம் எல்லாரும் அந்தியிலேயே முடித்துக்கொள்வோம். குவாக் சொன்ன நேரத்துக்கு வந்தார். பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கதவோரம் நின்றார். பலகையில் சோறு, சூப்பு, பேரிக்காய், காய்ந்த மீன், மிளகாய் சேர்க்காமல் வேகவைத்த கறிகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. அவர் கண் ஒவ்வொரு கிண்ணமாகப் போய் ஊதுபத்திச் சட்டியில் கொஞ்சம் நின்றது. அப்புறம் நகர்ந்தது. தல்சூவும் மல்சூனும் சுவரோரம் நின்றார்கள்.

சின்போக்காரம்மா வெள்ளை உடுத்தியிருந்தாள். பத்தி கொளுத்தினாள். கிண்ணத்தில் சாராயம் ஊற்றிப் புகையின்மேல் மூன்று சுற்றுச் சுற்றி வைத்தாள். பிறகு விழுந்து கும்பிட வேண்டும். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு தடவை விழுவோம், செத்தவர்களுக்கு இரண்டு தடவை. நடக்கப் பழகிய குழந்தைக்கும் தெரிந்த கணக்கு இது.

அவள் மெதுவாக முட்டி போட்டாள். இரண்டு கையையும் தரையில் வைத்து, கைமேல் நெற்றியை வைத்தாள். அது ஒன்று. எழுந்து நின்று இன்னொரு தடவை விழ வேண்டும். அவள் எழவில்லை. பத்திச் சாம்பல் ஒடிந்து விழுந்தது. அப்போதும் எழவில்லை. குவாக்கின் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். அவரும் எண்ணிக்கொண்டிருந்தார். தல்சூவின் மூச்சு எனக்குக் கேட்டது. அவள் முதுகு குலுங்கியதே தவிர இடம் விட்டு அசையவில்லை. அவளால் முடியவில்லை. செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டு, இந்த ஒன்றை அவளால் செய்ய முடியவில்லை.

மல்சூன் ஓடிப்போய் அவள் முதுகின்மேல் விழுந்தாள். பிணத்தின்மேல் விழுந்து அழுவதுபோல ஊருக்கே கேட்கும்படி ஓலமிட்டாள். போயிட்டீங்களே, எங்க அத்தைய அனாதையா விட்டுட்டுப் போயிட்டீங்களே என்று பாட்டாகவே எடுத்தாள். பார்த்தால் எழுப்பி விடுகிறாள் என்று தோன்றும். பக்கத்தில் நின்ற எனக்குத்தான் தெரிந்தது. அவள் எழுப்பவில்லை, இரண்டு கையாலும் சின்போக்காரம்மாவின் தோளைத் தரையோடு அழுத்திப் பிடித்திருந்தாள்.

குவாக் என் பக்கம் குனிந்தார். "ரெண்டும் ஆச்சா?"

"ஆச்சுய்யா," என்றேன். இந்தத் தடவை நாக்கு ஒட்டவில்லை.

அவர் அந்த இருவரையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தெரிந்ததா, தெரியாமல்தான் போனாரா என்று என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை. வெடித்த காதைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, தல்சூ நாளைக்கு வேலைக்குப் போகலாம், இது சம்பந்தமாக இனி கூப்பிட மாட்டேன் என்றார். பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். பனியில் அவர் கால் சத்தம் தேயும்வரை மல்சூன் ஓலத்தை நிறுத்தவில்லை. கையையும் எடுக்கவில்லை.

தரையிலிருந்தபடியே சின்போக்காரம்மா கேட்டாள். "போயிட்டானா?"

"போயாச்சு மதினி," என்றேன்.

"ஒரு தடவதான் விழுந்தேன்," என்றாள். "நீங்கதான் சாட்சி."